24 லட்சம் இருக்கிறது, ஜி.எச்.சுக்கு என்ன செய்வது?

1994-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் பேட்ச் ஆட்கள் சேர்ந்து 24 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். போன வருஷம் ஒரு மண்டபத்தில் கூடி, பிரியாணி சாப்பிட்டு, வாத்தியார்களுக்குச் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அதோடு கலைந்திருக்க வேண்டியது. எவனோ மைக்கைப் பிடித்து "நம்ம ஊர் ஜி.எச்.சுக்கு ஏதாவது செய்யணும்பா" என்று சொல்லிவிட்டான், சவுதியில் இருப்பவன் அங்கேயே ஒரு லட்சம் என்று கை தூக்கினான், அப்புறம் அது மானப் பிரச்சினையாகி ஆளாளுக்குக் கொடுத்து, இப்போது பணம் வங்கியில் இருக்கிறது, சண்டை வாட்ஸாப்பில் நடக்கிறது.

குழுவில் இதுவரை வந்த யோசனைகள்: இரண்டு டயாலிசிஸ் மெஷின், ஒரு ஸ்கேன் மெஷின், ஓர் ஆம்புலன்ஸ், ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பது, நோயாளியோடு வருகிறவர்கள் தங்க ஓர் இடம். ஏ.சி., டி.வி., வாட்டர் கூலர் என்றும் சிலர் சொன்னார்கள். அவற்றை இங்கே எடுக்கவில்லை. வாட்டர் கூலரை யாராவது தன் அப்பா பெயரில் தனியாக வாங்கி வைத்துவிட்டுப் போகலாம், அதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. "நீதானே இந்த ஃபீல்டுல இருக்கே, எதுன்னு சொல்லு" என்று என்னிடம் கேட்டார்கள். வாய்ஸ் மெசேஜாகப் பேச ஆரம்பித்து ஏழு நிமிஷம் தாண்டிவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். இதே மாதிரி பணத்தோடு முழித்துக்கொண்டிருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் 26 வருஷமாக மருத்துவமனை மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மெஷின் வாங்கினால் எனக்கோ என்னைப் போல ஒருவருக்கோ பிழைப்பு. கீழே எழுதியிருப்பதைப் படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜி.எச். எப்படிப்பட்டது என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் கடைசியாக அங்கே போனது தடுப்பூசிக்கு. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைநகரிலிருந்து 42 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசை வேப்பமரம் வரை நிற்கும், பன்னிரண்டு மணிக்கு மேல் வெறிச்சென்று இருக்கும், ராத்திரி ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர், ஒரு வாட்ச்மேன். ராத்திரி வருவதெல்லாம் பாம்புக்கடி, பூச்சி மருந்து குடித்தது, பைக் விபத்து, பிரசவம், நெஞ்சுவலி. மாத்திரை மருந்துக்குப் பெரிய பஞ்சமில்லை. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-ல் வந்தது, நாம் பிளஸ் டூ எழுதிய அதே வருஷம்; மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்கு கிடங்காக அனுப்புகிற அந்த ஏற்பாட்டை வேறு மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. கட்டிடமும் மோசமில்லை. குறை எங்கே என்றால் ஆளில்தான். போஸ்டிங் இருக்கும், ஆள் இருக்காது. ஆள் இருப்பார், டெபுடேஷனில் வேறு ஊரில் இருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்கேன் மெஷினை முதலில் முடித்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு உதவும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அல்ட்ராசவுண்ட் மெஷினை மிக்ஸி மாதிரி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட முடியாது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டத்தின்படி மெஷின் வைக்கும் இடம் பதிவாகியிருக்க வேண்டும், பதிவில்லாத இடத்துக்கு மெஷினை விற்பதே குற்றம், தகுதியுள்ள டாக்டர்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்பி வைக்க வேண்டும். எங்கள் ஜி.எச்.சில் ஏற்கெனவே ஒரு மெஷின் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது, பார்க்கிற டாக்டர் இரண்டு நாள்தான் வருகிறார். இரண்டாவது மெஷின் வந்தால் இரண்டு மெஷினும் அதே இரண்டு நாள் ஓடும். சி.டி. ஸ்கேன் என்று பேசியவர்கள் விலையைக் கேட்டுவிட்டு அவர்களே அடங்கிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஆசை எனக்குப் புரிகிறது. பக்கவாட்டில் பேட்ச் பெயர் எழுதி, ரிப்பன் வெட்டி, எம்.எல்.ஏ. கொடியசைத்து அனுப்பலாம். ஆனால் வண்டி வாங்குவது செலவில் பாதிகூட இல்லை. நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் டிரைவரே மூன்று பேர் வேண்டும், கூடவே முதலுதவி தெரிந்த ஆள், டீசல், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர். தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் வாங்கித் தருவது பெரிய புண்ணியம், இன்றைக்கு 108 செய்யும் வேலையைத் தனி வண்டி செய்துவிடாது. விபத்து கேஸுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே இலவசமாகப் பார்க்கும் திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எங்கள் ஊரில் தட்டுப்பாடு எங்கே என்றால், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் வண்டி கிடைப்பதில்லை. இறந்தவர்களைக் கொண்டு போக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, பிழைத்தவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இந்த வண்டி விஷயம் பின்னால் மறுபடி வரும், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒருத்தர் சொன்ன யோசனை, குழுவில் யாரும் லைக்கூடப் போடவில்லை: கிட்னி போவதற்கு முன்னாலேயே சர்க்கரை, பிரஷர் பார்த்து முகாம் போடலாமே என்று. நியாயமான பேச்சு. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறது, சிறுநீரில் பட்டை முக்கிப் பார்க்கும் பரிசோதனையையும் 2023-ல் அரசே தொடங்கிவிட்டது. நம் 24 லட்சத்தில் அதற்குமேல் என்ன சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முகாம் போட்டால் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். என் அம்மா மூன்று மாதம் பிரஷர் மாத்திரையை அரிசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான்.

மிச்சம் மூன்று: டயாலிசிஸ் மெஷின், ஆள் சம்பளம், தங்குமிடம். குழுவில் நிஜமான சண்டை மெஷினுக்கும் ஆளுக்கும்தான்.

மெஷின் வேண்டும் என்பவன் காரணமில்லாமல் கேட்கவில்லை. அவன் அப்பா இரண்டு வருஷம் டயாலிசிஸில் இருந்தார், வாரம் மூன்று தடவை 42 கிலோமீட்டர் போய் 42 கிலோமீட்டர் வந்தார், கடைசியில் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். "நம்ம ஊர்லயே இன்னும் ரெண்டு மெஷின் இருந்திருந்தா" என்று அவன் எழுதியபோது யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் வேலையில் நான் அதிகம் பார்த்தது நன்கொடை மெஷின்களின் மூன்றாவது வருஷம். முதல் வருஷம் வாரண்டி, கம்பெனி ஆள் கூப்பிட்டதும் வருவான். இரண்டாவது வருஷம் வாரண்டி நீட்டிப்பு பற்றிப் பேச்சு. மூன்றாவது வருஷம் ஒரு சின்னப் பாகம் போகும், பம்ப், சென்சார், போர்டு ஏதோ ஒன்று, விலை நாற்பதாயிரமோ அறுபதாயிரமோ இருக்கும். வாங்கித் தந்தவர்கள் "வாங்கிக் கொடுத்தாச்சே" என்பார்கள், மருத்துவமனையில் "இது எங்க ஸ்டாக்ல வந்த மெஷின் இல்லையே" என்பார்கள், மெஷின் மேல் ஒரு பச்சைத் துணி விழும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வகை உண்டு. ஏ.எம்.சி. என்றால் ஆள் வருவார், பாகத்துக்குத் தனிக் காசு. சி.எம்.சி. என்றால் பாகமும் சேர்த்து. (சி.எம்.சி. என்றதும் வேலூர் ஞாபகம் வரும், இது வேறு.) நன்கொடை கொடுக்கிறவர்களில் சி.எம்.சி. போட்டுக் கொடுத்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இது எங்கள் பக்கத்துக் கதை மட்டுமில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, வசதி குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைக் கணக்கெடுத்ததில் சுமார் 38 சதவீதம் ஓடாமல் கிடந்தது. இந்தியாவில் தேசிய சுகாதார இயக்கம் எடுத்த கணக்கில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை பழுதாகிக் கிடந்தது, அதற்கப்புறம்தான் 2015-ல் கருவிப் பராமரிப்புக்கென்றே தனித் திட்டம் கொண்டு வந்தார்கள். கொரோனா நேரத்தில் பி.எம். கேர்ஸ் நிதியில் 2,000 கோடிக்கு 50,000 வென்டிலேட்டர் வாங்கி நாடு முழுக்க அனுப்பினார்களே, பல ஊர்களில் அவை அட்டைப் பெட்டியோடு நின்றன. சில இடங்களில் மெஷினே சரியில்லை என்று புகார், சில இடங்களில் அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை.

எங்கள் ஜி.எச்.சின் டயாலிசிஸ் பிரிவில் இப்போது ஐந்து மெஷின் இருக்கின்றன. அதில் ஒன்று மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களுக்கென்று தனி, அதை மற்றவர்களுக்குப் போடக் கூடாது. மீதி நான்கு. காலை ஏழு முதல் பதினொன்று, பன்னிரண்டு முதல் நான்கு என்று இரண்டு ஷிப்ட். ஒருவருக்கு ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரம் மூன்று தடவை. திங்கள்-புதன்-வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய்-வியாழன்-சனி ஒரு கூட்டம். ஆக நான்கு மெஷினில் 16 பேர். டயாலிசிஸ் சிஸ்டரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, அதில் இடம் கேட்டுக் காத்திருப்பவர்களின் பெயர் 11. இரண்டு பெயரில் கோடு. ஒருவர் தனியாருக்குப் போய்விட்டார், இன்னொருவர் இறந்துவிட்டார்.

இப்போது இரண்டு மெஷின் வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மெஷின் ஏழு லட்சம் என்று வைத்தால் இரண்டுக்கு 14. ஒருவருக்கு நான்கு மணி நேரம் ஓட்ட 120 லிட்டர் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், நிமிஷத்துக்கு அரை லிட்டர் கணக்கு. அதை வடிக்க அதைப் போல ஒரு மடங்காவது கூடுதலாக போர் தண்ணீர் போகும். இருக்கிற ஆர்.ஓ. பிளான்ட் இதைத் தாங்காது, அதைப் பெரிதாக்கணும், அதற்கு ஐந்து. கட்டில், லைன், கரண்டு, யு.பி.எஸ். என்று இரண்டு மூன்று. 22 லட்சம் காலி. கிடைப்பது இரண்டு மெஷின், இரண்டு ஷிப்ட், இரண்டு கூட்டம்: எட்டு பேர்.

வாங்காமல் இருக்கிற நான்கு மெஷினில் மூன்றாவது ஷிப்ட் ஓட்டினால்? நான்கு மெஷின், இரண்டு கூட்டம்: அதே எட்டு பேர்.

இதை நான் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். டயாலிசிஸ் டெக்னீஷியன் பையன்தான் பேப்பரில் எழுதிக் காட்டினான். "சார், மெஷின் சாயங்காலம் நாலரைக்கு மேல சும்மாதான் சார் நிக்குது, நான்தான் நிக்க முடியல" என்றான். ஒரு டெக்னீஷியன் மூன்று மெஷின் பார்க்கலாம் என்பது பொதுவான கணக்கு. அவன் ஐந்தைப் பார்க்கிறான். இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டால் ஏழாகும், அதற்கும் ஆள் போட்டுத்தான் ஆகணும், அந்தச் சம்பளத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊசி, ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், டியூப் போன்ற ஒரு தடவைச் சாமான்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் பணம் வருகிறது, அது எந்த வழியில் போனாலும் வரும்.

ஆள் கணக்கு இது: ஒரு டெக்னீஷியன், ஒரு நர்ஸ், லீவுக்கு மாற்ற ஒரு ஆள். ஆளுக்கு 18,000 என்றால் மாதம் 54,000, வருஷம் 6 லட்சத்து 48 ஆயிரம். 24 லட்சமும் இதற்கே என்றால் மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கக் கணக்கில் பணத்தைக் கட்டி, கமிட்டித் தீர்மானம் போட்டு, இணை இயக்குநரின் ஒப்புதல் வாங்கித் தற்காலிகமாக ஆள் எடுக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

குழுவில் இதற்கு வந்த எதிர்ப்பு: "சம்பளம் கொடுத்தா பணம் கரைஞ்சு போயிடும், மெஷின்னா நிக்கும்." மெஷின் எட்டுப் பத்து வருஷம் நிற்கும் என்பது உண்மைதான், ஓடுமா என்பதுதான் என் கேள்வி. அதைவிட கனமான எதிர்ப்பு வேறு இரண்டு இருக்கின்றன, அவற்றை நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஆள் போடுவது அரசாங்கத்தின் வேலை. நாம் போட்டால் அவர்கள் அந்த இடத்தை நிரப்பாமல் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இரண்டு, 18,000 ரூபாய்க்கு மூன்று வருஷம் வேலை வாங்கிவிட்டு அப்புறம் வீட்டுக்கு அனுப்புவது சரியா? 2017-ல் ஒப்பந்த நர்ஸுகள் 7,700 ரூபாய்ச் சம்பளத்தை வைத்துக்கொண்டு சென்னையில் போராடியதை டி.வி.யில் பார்த்தோம், கொரோனாவில் எடுத்தவர்களில் 2,300 பேரை 2022 கடைசியில் வேலை இல்லை என்று அனுப்பியதையும் பார்த்தோம். அதே வேலையை நாமும் செய்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. இதற்கு முழுசாகப் பதில் இல்லை. எடுக்கும்போதே எத்தனை வருஷம் என்று எழுத்தில் சொல்லிவிடலாம், அவ்வளவுதான் நம்மால் முடியும். மூன்றாவது ஷிப்ட் இரண்டு வருஷம் ஓடி 24 பேரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் போஸ்ட் கேட்டு எழுதப் பெரிய டாக்டருக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும். துணி போர்த்திய மெஷினைக் காட்டி யாரும் போஸ்ட் கேட்க முடியாது.

உள்ளூர் ஆளாக எடுப்பது முக்கியம். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் ஆரம்பித்தபோது செய்தது இதைத்தான். பக்கத்துப் பழங்குடிப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸாக ஆக்கினார்கள், அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊரில் நர்ஸிங் முடித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்கிற பெண்கள் குறைந்தது நான்கு பேரை எனக்கே தெரியும்.

இதோடு முடிந்தது, ஆள்தான் பதில் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே கால் இருக்கும், இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) போட்ட இடது கையில் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து வலது கட்டை விரலால் அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்துப் பதினைந்து நிமிஷம் அப்படி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பீய்ச்சும். பக்கத்தில் ஒரு வயர்கூடை, அதில் போர்வை, ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர், டிபன் பாக்ஸ். தம்ளர் எதற்கு என்றால் தண்ணீரை அளந்து குடிக்க. ஒரு நாளைக்கு அவருக்கு நாலு தம்ளர், சாம்பார், ரசம், டீ எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. வெயில் காலத்தில் என்ன செய்வீர்கள் என்றேன். ஐஸ் கட்டியை வாயில் போட்டு வைத்துக்கொள்வாராம், விழுங்காமல்.

"மூணாவது ஷிப்ட் போட்டா ஆளுங்க வருவாங்களாக்கா?"

"அதான் முன்னாடி போட்டாங்களே தம்பி. ரெண்டு மாசம் ஓடுச்சு. ஒருத்தரும் நிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போய்க் கேட்டால் ஆமாம், கொரோனாவுக்கு அப்புறம் ஒருமுறை வெளியிலிருந்து டெக்னீஷியனைக் கொண்டு வந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், மூன்று பேர்தான் வந்தார்கள், தேவை இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். நோட்டில் ஒன்பது பேர் காத்திருக்கும்போது தேவை இல்லை என்றால் எப்படி?

மறுபடி வெளியே வந்து அக்காவிடமே கேட்டேன். அஞ்சு மணிக்குப் போட்டா ஒன்பதுக்கு முடியும், அப்புறம் அழுத்திப் பிடித்து, பிரஷர் பார்த்து, எழுந்து நடக்க ஒன்பதரை. எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டு நாப்பது. அவ்வளவுதான் விஷயம். ஆட்டோவுக்கு இருட்டில் நானூறு கேட்பானாம், வாரம் மூன்று தடவை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, அதனால்தான் அந்த அக்காவால் டயாலிசிஸுக்கே வர முடிகிறது. டயாலிசிஸ் முடிந்ததும் சிலருக்கு பிரஷர் இறங்கித் தலை சுற்றும், கால் பிடித்து இழுக்கும், அந்த நிலையில் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் எங்கே உட்காருவது? அன்றைக்கு வந்த மூன்று பேரும் டவுனுக்குள்ளேயே வீடு உள்ளவர்கள்.

ஆஸ்பத்திரியில் யாருக்கும் இது தெரியாதா என்றால், சிஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு மாதக் கணக்கை எழுதிய காகிதத்தில் பஸ் நேரத்துக்குக் கட்டம் கிடையாது.

ஆக தங்குமிடம் என்ற யோசனையை, குழுவில் இரண்டே பேர் கேட்ட யோசனையை, நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. நன்கொடையாளர் கட்டிக் கொடுத்த காத்திருப்போர் கூடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் கல்வெட்டு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது, உள்ளே உடைந்த கட்டில்களை அடுக்கிப் பூட்டு போட்டிருந்தார்கள், நோயாளியோடு வந்தவர்கள் அந்தப் பூட்டுக்கு வெளியே படியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள்.

புதுசாகக் கட்டுவது நம்மால் ஆகாது. 600 சதுர அடி போட்டாலே 15 லட்சத்தைத் தொடும், ஆஸ்பத்திரி வளாகத்தில் என்பதால் பொதுப்பணித் துறை வழியாகத்தான் போகணும், நம் பிள்ளைகள் பேட்ச் ரீயூனியன் நடத்தும்போது திறப்பு விழா நடக்கும். ஆனால் பழைய பிரசவ வார்டு சும்மா இருக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது, நானே ஏறிப் பார்த்தேன். எட்டுக் கட்டில், இரண்டு கழிப்பறை, அதில் ஒன்று உட்காரும் வகை, ஃபேன், கிரில் கதவு, வெளிச்சம், பெண்களுக்கு நடுவில் தடுப்பு. கொத்தனாரைக் கூட்டிப் போய்க் கேட்டதில் ஆறு லட்சத்துக்குள் முடிக்கலாம் என்றார். கொத்தனார் சொல்லும் ஆறு எப்போதும் ஏழாகும், தெரிந்ததுதான்.

அப்படிச் செய்தால் 18 லட்சம் மிச்சம், அதில் மூன்று ஆள் சம்பளம் இரண்டே முக்கால் வருஷம் ஓடும். ராத்திரி டயாலிசிஸ் முடிந்தவர்கள் அங்கேயே படுத்துக் காலை முதல் பஸ்ஸில் போவார்கள். பாம்புக்கடி கேஸோடு வந்த பொண்டாட்டியும் பிரசவத்துக்கு வந்த பொண்ணோட அம்மாவும் வராந்தாவில் கொசுக்கடியில் கிடப்பதற்குப் பதில் அங்கே படுக்கலாம். கழிப்பறையைக் கழுவ யார் என்ற கேள்வி இருக்கிறது. ஆஸ்பத்திரியின் துப்புரவு ஒப்பந்த ஆட்களே திணறுகிறார்கள். அதற்கு மாதம் மூவாயிரம் தனியாகக் கொடுத்து ஒருவரை வைக்க வேண்டும், அதை நான் என் கணக்கில் ஒரு வருஷத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அந்தக் கழிப்பறை மூன்றாவது மாதம் பூட்டப்படும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறேன்.

பழைய யோசனைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸ் கேட்டவனுக்கு: வண்டிதான் வேண்டுமென்றால், ராத்திரி ஒன்பதரைக்கு நாலு ஊர் சுற்றி இறக்கிவிட ஒரு ஷேர் ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். மாதம் இருபதாயிரத்துக்குக் குறைந்து யாரும் வரவில்லை, ஊர்கள் நாலு திசையில் இருக்கின்றன, கடைசி ஆள் வீடு போய்ச் சேர பதினொன்றரை ஆகும். தங்குமிடமே மேல் என்று எனக்குப் படுகிறது, ஆனால் ஆண்களில் சிலர் வீட்டுக்குத்தான் போவேன் என்று சொல்லக்கூடும். மெஷின் கேட்ட என் நண்பனுக்கு: உன் அப்பா பெயரில்தான் அந்த ஷிப்ட் ஓடட்டும், போர்டில் அவர் பெயரைப் போடச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டேன், தீர்மானத்தில் எழுதிக் கொடுத்தால் ஆட்சேபம் இல்லை என்றார்.

சவுதிக்காரன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டோல என்னடா காட்டறது, பழைய பில்டிங்ல எட்டுக் கட்டிலா?" என்கிறான். ஒரு லட்சம் கொடுத்தவன், கேட்க உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. அதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி வேண்டும்: நோட்டில் உள்ள ஒன்பது பேரும் எந்த ஊர், அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி தங்கச் சொன்னால் தங்குவார்களா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். நான் தெற்குப் பக்கம் நாலு பேரைப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார். வடக்குப் பக்கம் ஐந்து பேர் பாக்கி. பைக் இருக்கிறவர்கள் யாராவது வாருங்கள், பெட்ரோல் நான் போடுகிறேன்.